ஜாவா வயலில் பை செக்கிங்

எங்கள் தெருவில் கைக்கு மொத்தமாகக் காசு வந்தால் மாதவரத்தில் மனை வாங்குவார்கள். இன்னும் கொஞ்சம் வந்தால் அதற்குப் பக்கத்து மனையையும் வாங்குவார்கள். நாங்கள்தான் அறிவாளிகள் ஆயிற்றே. இந்தோனேசியாவில், ஜாவா தீவில், அந்த நாட்டுக்காரர்களே வழி கேட்டுத்தான் போய்ச் சேரக்கூடிய ஒரு கிராமத்தில், நெல் வயலைக் குத்தகைக்கு எடுத்தோம்.

எல்லாம் என் வீட்டுக்காரரின் நெஞ்சால் வந்தது. அவர் இருபத்தெட்டு வருஷம் ஃபவுண்டரியில் இரும்பை உருக்கி ஊற்றியவர். உள்ளே மணல் தூசி, வெளியே வந்தால் எர்ணாவூர். எர்ணாவூரில் காலையில் கொடியில் போட்ட வெள்ளை வேட்டியை மத்தியானம் எடுத்துப் பார்த்தால் இது யார் வீட்டு வேட்டி என்று கேட்கத் தோன்றும். அனல்மின் நிலையத்துச் சாம்பல் அவ்வளவு. அந்தக் காற்றைத்தான் அவர் நாற்பத்தைந்து வயது வரைக்கும் வஞ்சனை இல்லாமல் இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு இழுப்பது மட்டும்தான், விடுவது கஷ்டமாகிவிட்டது. எங்கள் வீடு இரண்டாவது மாடி. நடுவில் படி திரும்புகிற இடத்தில் நின்று, யாரோ போன் பண்ணியதுபோல போனை எடுத்துப் பார்ப்பார். யாரும் பண்ணியிருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஃபவுண்டரியை இழுத்து மூடி, எல்லாரையும் கணக்கு முடித்து அனுப்பிய வருஷம், நெஞ்சு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேவை விளக்கில் பிடித்துப் பார்த்தவர், "காத்து மாத்துங்க" என்றார். என்னவோ பல்பை மாற்றுவதுபோலச் சொல்லிவிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

காற்றை எங்கே போய் மாற்றுவது? தண்டையார்பேட்டைக்கா? அப்போதுதான் என் கொழுந்தன் வந்து சேர்ந்தான். கப்பலில் சமையல்காரன். ஊர் ஊராகப் போய், ஜாவாவில் ஒரு பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, கப்பலில் இல்லாத மாதங்களில் அவளுடைய கிராமத்தில் இருப்பவன். வீடியோ காலில் வயலைக் காட்டினான், மலையைக் காட்டினான், வாத்தைக் காட்டினான்.

"அண்ணி, காத்து சும்மா ஏசி கணக்கா கீது அண்ணி. அண்ணனை இட்டுகினு வந்துடு. வயலோட சின்னதா ஒரு வூடும் குடுக்கறாங்க. வெள்ளாம வந்துச்சுன்னா சோத்துக்குப் பஞ்சமில்ல."

வெளிநாட்டுக்காரர்கள் அங்கே நிலம் வாங்க முடியாதாம். அதனால் அவன் மனைவி பேரில் ஒரு வருஷக் குத்தகை. வயலும் அதன் ஓரத்து வீடும் சேர்த்து. பயிர் ஒழுங்காக வந்து, நிலத்துக்காரருக்கும் மனம் ஒத்துப்போனால், வருஷா வருஷம் நீட்டிக்கொள்ளலாம். வயல் இருந்தால் வீடு. வீடு இருந்தால் அந்தக் காற்று. இவ்வளவுதான் கணக்கு. என் வீட்டுக்காரர் ஒரே நிமிஷத்தில் சரி என்றுவிட்டார். ஒரு குக்கர் வாங்க ஆறு மாதம் யோசிக்கிற மனிதர்.

தெருவில் செய்தி பரவியது. டீக்கடைக்காரர் கூப்பிட்டுக் கேட்டார். "இன்னாக்கா, வெவசாயம் பண்ணப் போறியாமே? அந்த மலை நெருப்பு கக்குமாமே?"

"இங்க கீற பொகை பைப்பெல்லாம் இன்னா பன்னீரா தெளிக்குது?" என்றேன்.

வாய் பேசினேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். புகைக்கூண்டுக்குப் பயந்து எரிமலை அடிவாரத்துக்குக் குடி போன குடும்பம் வடசென்னையில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. திருவொற்றியூரில் கன்டெய்னர் சரக்கு இறக்கும் ஒரு பெரிய கிடங்கில் நான் லேடி செக்கர். வேலை முடிந்து வெளியே போகிற பெண்களை கேட்டில் நிறுத்தி, பையைத் திறக்கச் சொல்லி, சோற்று டப்பாவைத் திறக்கச் சொல்லி, முந்தானையை உதறச் சொல்லிப் பார்க்கிற உத்தியோகம். இருபத்தாறு வருஷம். என் ஷிஃப்ட் முடிந்ததும் என் பையை அடுத்த ஷிஃப்ட்காரி பார்ப்பாள். என் டப்பாவில் மிச்சமிருக்கும் காரக்குழம்பு வாசனையை வைத்து இன்றைக்கு என்ன மீன் என்று சொல்லிவிடுவாள். யாரும் கோபித்துக்கொண்டது கிடையாது. பையை நீட்டும்போதே வீட்டுக் கதை பேசுவோம். பை என்று ஒன்று இருந்தால் அது கேட்டில் திறக்கத்தான் இருக்கிறது என்று நான் முழுமனதாக நம்பினேன்.

அப்படிப்பட்டவள் பிளேன் ஏறினேன். கோலாலம்பூரில் மாறி, ஜாவாவில் இறங்கி, அங்கே பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். நெத்திலிக் கருவாட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு ஆபீசர்கள் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாகப் பிடுங்கிக்கொண்டார்கள். எனக்குக் கருவாடு போனதில் வருத்தம். செக்கிங் நன்றாக இருந்ததில் திருப்தி. பிறகு பஸ், பஸ்ஸுக்குப் பிறகு ஒரு வேன், வேனுக்குப் பிறகு கோழிக்கூடைகளோடு ஒரு குட்டி லாரி. வழியெல்லாம் பச்சை. இவ்வளவு பச்சையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று எரிச்சலாக வந்தது. என் வீட்டுக்காரர் லாரி பின்னால் நின்றுகொண்டு வாயைத் திறந்து காற்றைக் குடித்துக்கொண்டு வந்தார்.

அமைதியான கிராமம் என்று சொன்னார்கள். அமைதி என்றால் நான் ஞாயிற்றுக்கிழமை லாரி குறையுமே, அந்த மாதிரி என்று நினைத்தேன். இது வேறு. சாப்பிட்டுவிட்டு மத்தியானம் கண்ணை மூடினால் ஒரு சத்தமும் இல்லை. ஒரு ஹாரன் இல்லை, ஒரு குழாயடிச் சண்டை இல்லை. எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று இரண்டு நாள் சந்தேகம். ஐந்து வேளை பாங்கு சொல்வதுதான் துணை. ராயபுரத்தில் என் அம்மா வீட்டுப் பக்கம் கேட்ட சத்தம்தானே, அதைக் கேட்டால் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

சாப்பாடு ஒரு தனிக்கதை. சோயாவைப் பூசணம் பிடிக்க விட்டு, கட்டியாக்கி, வறுத்துத் தருகிறார்கள். நம் வீட்டில் பூசணம் பிடித்தால் மாமியார் நம்மைக் குப்பையில் போடுவார். ஆனால் இறால் காயவைத்து அரைத்த ஒரு காரத் துவையல் உண்டு. அதைத் தொட்டு வாயில் வைத்த அன்றைக்குத்தான் இவர்களும் மனிதர்கள் என்று ஒத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என் வயது இருக்கும். நான் அவரை இபு என்பேன், அவரும் என்னை இபு என்பார். அங்கே அம்மா, அம்மணி எல்லாவற்றுக்கும் அதுதான். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பேச்சு தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு மனஸ்தாபமும் இல்லை. என் வீட்டுக்காரரின் இழுப்பைக் கேட்ட முதல் நாளே இஞ்சியைச் சுட்டு, தட்டி, வெல்லம் போட்டு ஒரு கஷாயம் கொண்டுவந்தார். பிறகு தினமும். இதற்கு என்ன கேட்பாரோ என்று நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அது வேறு எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கஷாயமோ காற்றோ தெரியாது. மூன்றாவது மாதம் என் வீட்டுக்காரர் இழுப்பு வந்தால் வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்ப் மருந்தை அலமாரியில் போட்டுவிட்டு மறந்துபோனார். அதை நான் எடுத்து ஆட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி இருந்தது. ஒருநாள் வரப்பில் எனக்கு முன்னால் நடந்துகொண்டே போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். நிற்கவில்லை. போனை எடுக்கவில்லை. மேட்டில் ஏறி அங்கிருந்து கையை ஆட்டி, "இன்னாமே, ஆமை கணக்கா வர?" என்று கத்தினார். நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். தூசி விழுந்துவிட்டது என்று சொன்னேன். அந்த ஊரில் ஏது தூசி.

நெல் பழுத்தது.

அறுப்பு அன்றைக்கு விடிந்ததும் கதவைத் திறந்தால், எங்கள் வயலில் முப்பது பெண்கள். அரிவாள், தலையில் ஓலைத் தொப்பி, தோளில் பை. நான் யாரையும் கூப்பிடவில்லை. கொழுந்தனும் கூப்பிடவில்லை.

"இன்னாடா இது? யார் இவங்கள்லாம்?" என்றேன்.

"அண்ணி, இங்க வயக்கம் அப்டித்தான். யார் வயலு அறுப்புன்னாலும் அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க வருவாங்க. வராதன்னு சொல்லக் கூடாது. அறுத்த நெல்லுல அவங்களுக்கு ஒரு பங்கு. பாவோன்னு பேரு. கூலிலாம் கெடையாது."

"எவ்ளோ பங்கு?"

"கையால அள்ளிப் பிரிக்கறதுதான். கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். நீ கண்டுக்காத."

கண்டுக்காதே! கண்டுகொள்வதற்காகவே இருபத்தாறு வருஷம் சம்பளம் வாங்கியவளிடம் சொல்கிறான். எங்கள் மொத்தக் காசும் அந்த நெல்லில் நிற்கிறது. அதில் முப்பது பேர் முப்பது பையோடு இறங்கியிருக்கிறார்கள். எனக்குப் பகீரென்றது. என் வீட்டுக்காரரின் மூச்சு முப்பது பைக்குள் போகிறது என்றுதான் எனக்குப் பட்டது.

"பங்கு குடு, வேணான்னு சொல்லல. போறப்ப பைய மட்டும் நான் பாத்துடறேன்" என்றேன்.

கொழுந்தன் முகம் மாறியது. "அண்ணி, வேணாம் அண்ணி. நல்லா இருக்காது."

"தப்பு பண்லன்னா இன்னாத்துக்குப் பயம்?"

இது எங்கள் கிடங்கு மேனேஜர் சொல்லும் வாக்கியம். அதைச் சொன்ன உடனே நாம் நியாயஸ்தர் ஆகிவிடுவோம்.

என் வீட்டுக்காரரும் சொன்னார். "உடுமே. தோ, எவ்ளோ நெல்லு கீது. துன்னுட்டுப் போகட்டும்."

"உனுக்கு ஒண்ணும் தெரியாது, நீ ஓரமா குந்து" என்று அவர் வாயை அடைத்தேன்.

சாயங்காலம் பங்கு பிரித்து, ஆளுக்கு ஒரு சின்ன மூட்டை கட்டி முடிந்தது. வயலிலிருந்து தெருவுக்கு ஏறுகிற இடம் ஒன்றுதான். இரண்டு மூங்கிலுக்கு நடுவில் நான் நின்றேன். பையைத் திற என்பதற்கு மொழி வேண்டாம், ஒரு சைகை போதும். என் கைக்கு அது நன்றாகப் பழகியிருந்தது. முதலில் வந்த பெண் புரியாமல் சிரித்தாள். மறுபடி காட்டினேன். புரிந்ததும் சிரிப்பு அப்படியே நின்றது, ஆனால் முகத்தைவிட்டுப் போகவில்லை. பையைத் திறந்தாள். தட்டு, தண்ணீர் பாட்டில், ஒரு துணி. அடுத்தவள். அடுத்தவள். பாங்காக வரிசையில் வந்தார்கள். ஒரு முணுமுணுப்பு இல்லை. எனக்கு ஒரே பெருமை. திருவொற்றியூரில்கூட இப்படி ஒழுங்காக வரிசை நின்றதில்லை என்று நினைத்தேன். அப்பேர்ப்பட்ட மூளை.

கடைசியில் பக்கத்து வீட்டு இபு. அவரை விட்டிருக்கலாம். ஆனால் தெரிந்தவர் என்று ஒருத்தியை விட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? செக்கர் என்றால் எல்லாருக்கும் ஒரே சட்டம். கையை நீட்டினேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பையை வரப்பில் வைத்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். தொழுகைக்கு உடுத்தும் வெள்ளைத் துணியை மடிப்புக் கலையாமல் எடுத்து வைத்தார். தட்டு. டீ பாட்டில். வாழையிலையில் கட்டிய ஒரு பொட்டலம். அதையும் பிரித்துக் காட்டினார். சுட்ட இஞ்சி. என் வீட்டுக்காரரின் பக்கம் கை காட்டினார். அவருக்காம்.

வேறு கடத்தல் பொருள் எதுவும் சிக்கவில்லை.

இஞ்சியை மறுபடி கட்டி மூங்கில் ஓரத்தில் வைத்தார். அவருக்குப் பங்காக வந்த நெல் மூட்டையையும் அதன் பக்கத்திலேயே இறக்கி வைத்தார். தலையை லேசாகக் குனிந்து, சிரித்து, போய்விட்டார். அவருக்கு முன்னால் போனவர்களும் திரும்பி வந்து, ஒவ்வொருத்தியாக மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். முப்பது மூட்டை. நான் அங்கேயே நின்றேன்.

வயலில் இன்னும் பாதிக்குமேல் அறுக்காமல் நின்றது. மறுநாள் ஒருவரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மலைப்பக்கம் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. கொழுந்தன் மூட்டைகளை வண்டியில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோனான். எல்லாரும் டீ கொடுத்து உட்கார வைத்து, நெல் வேண்டாம், எங்களிடம் போதுமானது இருக்கிறது என்று சொன்னார்களாம். அவன் மனைவி அடுப்பங்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள். அது அவள் பிறந்த ஊர்.

நானே போனேன் இபு வீட்டுக்கு. எர்ணாவூரில் என்றால் சமாதானத்துக்கு எனக்கு வழி தெரியும். வாசலில் நின்று, "இன்னாமே, கோவமா? நான் ஒரு லூசு, வா" என்றால், கோபித்துக்கொண்டவள் நாலு கெட்ட வார்த்தை சொல்வாள், என் மயிரைப் பிடிக்கக்கூட வருவாள். நானும் நாலு சொல்வேன். சாயங்காலம் ஒரே தட்டில் பஜ்ஜி தின்போம். சண்டை என்று ஒன்று நடந்தால்தானே அது முடியும்? இபு என்னைப் பாயில் உட்கார வைத்தார். டீ வந்தது, வறுத்த வாழைக்காய் வந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் அழுதேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று அவர்கள் மொழியில் சொன்னார். அந்த வார்த்தை எனக்குப் புரியும். ஐயோ, ஒரு தடவை திட்டித் தொலையேன் என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

நாங்களே அறுத்தோம். கொழுந்தன், அவன் மனைவி, நான், என் வீட்டுக்காரர். அவரை வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. கதிர் அடிக்கும்போது பறக்கிற தூசி சாம்பலைவிடப் பொல்லாதது. மூன்றாவது நாள் அவர் கதிர்க்கட்டுப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். அந்தச் சத்தம். ஆறு மாதமாக நான் கேட்காத சத்தம். ஓடிப்போய் அலமாரியைத் துழாவி மருந்தைக் கொண்டுவந்தேன். அதற்குள் மழை வந்துவிட்டது. நின்றிருந்த நெல் சாய்ந்து தண்ணீரிலேயே முளைத்தது.

வருஷக் கடைசியில் நிலத்துக்காரர் வந்தார். சட்டையை உள்ளே விட்டு, தொப்பி போட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். மருமகன் டவுனிலிருந்து வருகிறானாம், வயலை அவனே பார்த்துக்கொள்ளப் போகிறானாம். மன்னிக்க வேண்டுமாம். மருமகன் நிஜமாக வந்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொழுந்தன் வேறு நாலு வயல்காரர்களைப் பார்த்தான். நாலு பேரும் அன்பாகப் பேசினார்கள். நாலு பேர் வயலும் ஏற்கெனவே யாருக்கோ சொல்லியாகிவிட்டதாம். ஊரே சேர்ந்து எங்களை வழியனுப்ப வந்தது. இபு எனக்கு ஒரு துணி கொடுத்தார். கைப்பையில் வைத்துக்கொண்டேன். யாரும் திறந்து பார்க்கவில்லை.

இப்போது எர்ணாவூர். அதே இரண்டாவது மாடி. ஹாரன் சத்தத்துக்குக் குறைவில்லை, நான் மத்தியானம் நன்றாகத் தூங்குகிறேன். டீக்கடைக்காரர், "இன்னாக்கா, வெவசாயம் அவ்ளோதானா? ஊரு புடிக்கலியா?" என்றார். "புடிக்கலப்பா, சாப்பாடு கலீஜு" என்றேன். வேறு என்ன சொல்வது. மனை வாங்கியவர்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்து, வருத்தப்பட்டு, மாதவரத்தில் இன்றைய விலையைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவருக்கு இப்போது உறிஞ்சுகிற மருந்து போதவில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மிஷின் வைத்துப் புகை பிடிக்கிற மாதிரி மருந்து பிடிக்க வேண்டும். முகத்தில் மாஸ்க்கை மாட்டி உட்கார வைத்தால் இருபது நிமிஷம் ஆகும். நான் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். ஊர் திரும்பிய நாளிலிருந்து அந்தப் பை விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன வாரம் என்னால் தாங்க முடியவில்லை. கீரையை அப்படியே போட்டுவிட்டேன்.

"யோவ், இன்னாத்துக்குய்யா சிரிக்கற? என்னாலதான எல்லாம் போச்சு? நீ நல்லா இருந்த. ஜோரா நடந்த. நான்தான உன்ன இங்க இட்டாந்து போட்டேன்? ஒரு தடவ திட்டேன்யா. நாலு அறை வேணா உடு. பேமானின்னு சொல்லு. உனுக்குப் புண்ணியமா போவும், திட்டிடுய்யா."

அவர் மாஸ்க்கை மெதுவாகக் கழற்றினார். கொஞ்ச நேரம் இழுத்தார். நான் காத்திருந்தேன்.

"திட்றதுக்கு மூச்சு வேணும்ல" என்றார். மறுபடி மாட்டிக்கொண்டார்.